தோற்கத் தெரியாத கம்ப்யூட்டர்

சதுரங்கப்பட்டினம்,
12-8-1998

அன்புள்ள வேண்டாவுக்கு,

இது உன் தனகோடி தன் கையாலேயே எழுதும் கடிதம். அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்து. இந்தத் தாளை எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது. நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? பேத்தி திவ்யாவை நிதானமாகப் படித்துக் காட்டச் சொல்.

நான் தோட்டவேலை செய்யும் வீட்டு பாலசுப்ரமணியன் சார், ஞாயிற்றுக்கிழமை தன் கம்ப்யூட்டரில் ஆடுபுலி ஆட்டம் போட்டுக் காட்டினார். நான் ஐந்து முறை ஆடினேன்; ஐந்து முறையும் அது என் புலிகளை அடைத்துவிட்டது. எனக்குக் கோபமே வரவில்லை. சவுக்கந்தோப்புக் காற்றில், கனவில் தோற்பது போல் சுகமாக இருந்தது.

"இதுக்கு அறிவு இருக்குன்னு இப்ப ஒத்துக்கிறீங்களா, பெரியவரே?" என்று சிரித்தார்.

"கீது சார். எப்பனா வேணும்னே தோத்துப் போவுமா?"

"அது எதுக்குத் தோக்கணும்?"

எனக்கு உன் நினைவு வந்தது. ஏரி உடைந்து நெல் போன வருஷமும், மாடு செத்த வாரமும், நான் பேசாமல் கிடந்தபோது நீதான் கட்டம் கிழித்து ஆடக் கூப்பிட்டாய். அந்த நாட்களில் நான் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. மற்ற நாட்களில் ஜெயித்ததே இல்லை. முப்பது வருஷமாக இது எனக்கு உறைக்கவில்லை. கடல் சத்தத்தில் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஊறுகாய் கொடுத்தனுப்பும்போது, நாம் காயாக வைத்து ஆடும் புளியங்கொட்டைகளையும் சேர்த்து அனுப்பு. இங்கே இரண்டு பக்கமும் நானே ஆடிக்கொள்கிறேன்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. நீ வேண்டுமென்றேதான் தோற்றாயா? திவ்யாவை விட்டுப் பதில் எழுது. இல்லை என்று எழுதினாலும் எனக்குப் புரிந்துவிடும்.

தனகோடி