சுருங்காத கோப்பு

மச்சான்,

இன்று காலை கீபோர்டைத் தூக்கித் துடைத்தபோது, அடியிலிருந்து ஒரு நாள்காட்டித் தாள் வழுக்கி விழுந்தது. பின்பக்கம் உன் கோழிக்கிறுக்கல்: "காலி 38 ஜிபி. பயப்படாத." எல்லா மெயிலும் கிடக்கும் அந்த ஒற்றைப் பெரிய கோப்புக்குள், அழித்த மெயில்கள் விட்டுப்போன இடம் எவ்வளவு இருக்கிறது என்று மெயில் சர்வர் தினமும் சொல்லும் எண் அது. நாள்காட்டியில் கிழித்த தாளில் அதைக் குறித்துவிட்டுத்தான் நீ டீக்குப் போவாய்.

அந்தச் சனிக்கிழமையை மறக்க முடியுமா? அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் கம்பெனி மொத்தமும் பழைய மெயில்களை அழித்தும் கோப்பு துளிகூடச் சுருங்கவில்லை. மேனேஜர் குதித்தார். நான்தான் பெரிய சூரன் ஆயிற்றே! உன்னைக் கேட்காமல் மெயிலை நிறுத்திவிட்டுச் சுருக்கத் தொடங்கினேன். சுருக்குவதென்றால் பக்கத்திலேயே புதிதாக ஒரு பிரதி எழுதியாக வேண்டும். அதற்கு டிஸ்க்கில் இடமிருக்கிறதா என்று பார்க்கவில்லை. பாதியில் நின்றது. மெயில் இல்லாமல் ஆளாளுக்குக் கத்தினார்கள். இடம் பண்ணப் பழைய கோப்பை அழிக்கப் போனேன். அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு, கள்ளிக்குப்பத்து வீட்டிலிருந்து வண்டியில் வந்து நின்றாய்.

"டேய், கைய எடு! அத்த அழிச்சா மொத்த மெயிலும் பூடும். புச்சா எழுதின அரைகுறைய தூக்கிக் கடாசு."

மெயில் ஓடத் தொடங்கியபிறகு சிரித்தாய். "குடித்தனக்காரன் காலி பண்ணிகினு போனா ஊட்ட இடிச்சி சின்னதா கட்டுவியா? அடுத்த ஆளு வருவான் மாமே."

மேனேஜர் கேட்டபோது, "நான் பண்ணதுதான் சார்" என்றாய். நான் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றேன். எத்தனை வருடம்! உன்னிடம் ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை.

மாரடைப்பில் நீ போனபிறகு உன் மெயில் பெட்டியை நான்தான் நீக்கினேன். நீக்கியதை சர்வர் வைத்திருக்கும் முப்பது நாள் நேற்று முடிந்து, அது தானாகக் கழிந்தது. உன் பெட்டி விட்ட இடமும் சேர்ந்து இன்று காலி 41 ஜிபி. கோப்பு அதே அளவுதான்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அவன் பெட்டியும் போச்சே, இப்ப சுருக்கிடலாமா? அன்னிக்கு அவன் சொதப்பின மாதிரி இல்லாம."

"சுருக்க வேணாம் சார், புதுசா சேர்றவங்க மெயில் அதுல உக்காரும். அன்னிக்கு சொதப்பினது நான். காப்பாத்தினதுதான் அவன்."

அவர் தன் அறைக்குத் திரும்பிப் போனார். குரல் நடுங்கவில்லை மச்சான், சத்தியமாக. இன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் 41 என்று எழுதினேன். பக்கத்தில் உன் பெயரையும் எழுதிவிட்டு டீக்குப் போனேன்.