அம்மா கையில் என்ன இருந்தது

கோல சிலாங்கூர்
9.3.1986

அன்பு மகள் லீலாவுக்கு,

அத்தை வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நான் சுகம். முழங்கால்தான் மழைக்கு முந்தியே முணுமுணுக்கிறது.

பக்கத்தில் லாட்டரி நம்பர் எடுக்கும் கடை இல்லை என்றுதான் உன்னைச் சுங்கை பஞ்சாங்கில் விட்டேன். இந்த நம்பர் பைத்தியத்தால் ரவாங்கில் வேலை போனது, மாப்பிள்ளை விட்டுப் போனது, எல்லாவற்றையும் இப்போதே சரிசெய்ய நினைக்காதே. பள்ளிக்கூடத்தில் கையெழுத்து மோசமான பிள்ளையை நான் முழு நோட்டையும் திருப்பி எழுதச் சொன்னதில்லை. இன்றைய வரியை ஒழுங்காக எழுது என்பேன், அவ்வளவுதான்.

நம் பக்கத்து வீட்டு நடராஜா ஜெராம் வளைவில் காரை மரத்தில் மோதிவிட்டான். ஆளுக்கு ஒன்றுமில்லை. அவனுடைய 4172 நம்பர் கார்தான் அப்பளமாகிவிட்டது.

பதில் போடு.

அப்பா

*

சுங்கை பஞ்சாங்
திங்கட்கிழமை

அன்புள்ள அப்பா,

கோபப்படாதீர்கள். கார் நம்பருக்கு அப்புறம் உங்கள் கடிதத்தில் ஒன்றுமே மண்டையில் ஏறவில்லை. மோதின கார் நம்பரை ஊரே ஓடிப்போய் எடுக்கும், உங்களுக்குத் தெரியாதா? கை அரித்தது. அத்தையிடம் காட்டிவிட்டேன்.

"எங்கண்ணன் வாத்தியாரா இருந்து என்னா பிரயோசனம் லா! குடிகாரன் கையில போத்தலக் கொண்டாந்து குடுத்திருக்காரு!" என்று அந்த வரியைக் கத்தரித்து அடுப்பில் போட்டார்.

இனி எந்த நம்பரும் வேண்டாம், அப்பா. கடிதத்தில் தேதிகூட வேண்டாம். கனவும் எழுதாதீர்கள். கனவில் வரும் பொருளுக்கெல்லாம் நம்பர் சொல்லும் புத்தகம் எனக்கு மனப்பாடம்.

மகள் லீலா

*

கோல சிலாங்கூர்
பங்குனி, வெள்ளிக்கிழமை

அன்பு லீலா,

மஞ்சள்காமாலைக்காரனுக்குப் பத்தியம் வைத்துவிட்டு, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பொரித்த மீன் தின்றது போல ஆகிவிட்டது நான் செய்தது. இனி உன் பத்தியம்தான் எனக்கும். நாட்காட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். பென்ஷன் நாள் தெரியாமல் தபாலாபீசுக்கு வீணாக நடந்ததுதான் மிச்சம்!

நேற்று அம்மா கனவில் வந்தாள். அவள் போன பிறகு வந்தது இதுதான் முதல் தடவை. இதற்கு மேல் எழுதவில்லை.

அப்பா

*

சுங்கை பஞ்சாங்
புதன்கிழமை

அன்புள்ள அப்பா,

அம்மாவைப் பற்றி இவ்வளவோடு நிறுத்திவிட்டீர்களே. எப்படி இருந்தார்? நின்றாரா, உட்கார்ந்திருந்தாரா? என்ன சேலை? கையில் என்ன இருந்தது? பக்கத்தில் தண்ணீர், ஆடு, மாடு, ஏதாவது?

என் கனவில் வரவே மாட்டேன் என்கிறார், அப்பா. நானும் அவர் பெற்ற பிள்ளைதானே? சொல்லுங்கள்.

லீலா

*

கோல சிலாங்கூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு லீலா,

நீ கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்து இரண்டு முறை பேனாவை மூடிவிட்டேன். ஆனாலும் தாயைக் கேட்கும் பிள்ளைக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

பச்சை நூல் சேலை. கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பூனை ஒன்று அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. தலை நிமிராமலே, "லீலா சாப்பிட்டாளா?" என்றாள். விழித்துக்கொண்டேன்.

அப்பா

*

சுங்கை பஞ்சாங்
15.4.1986

அப்பா,

அடித்துவிட்டது! மீனுக்கும் பூனைக்கும் உள்ள நம்பரைச் சேர்த்து, சபாக் பெர்ணம் டவுன் கடைக்குப் போய் எடுத்தேன். முதல் பரிசு! அத்தைக்கு இன்னும் தெரியாது.

இதைச் சூதாட்டம் என்று சொல்லாதீர்கள். பிள்ளை படும் பாட்டைப் பார்த்து அம்மாவே வந்து கொடுத்திருக்கிறார். இல்லையென்றால் ஏன் சாப்பிட்டாளா என்று கேட்கிறார்?

மறுபடி வந்தால் காலையிலேயே எழுதிப் போடுங்கள். சேலை நிறத்தை மறந்துவிடாதீர்கள்.

லீலா

*

கோல சிலாங்கூர்
வியாழக்கிழமை

லீலா,

உன் கடிதம் கிடைத்தது. உனக்குச் சொல்ல ஓர் உதாரணம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

அம்மா இனி என் கனவில் வரமாட்டாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நான் அங்கே வருகிறேன். நீ ஏசினாலும் திரும்பிப் போகமாட்டேன். எனக்கும் ஒரு பாய் எடுத்து வைக்கும்படி அத்தையிடம் சொல்.

அப்பா