கப்பல் ஓடாத இரண்டு தீவுகள்

நேற்று மாண்ட்ரியலை விட்டுப் பக்கத்து ஊரான லவாலுக்கு வீடு மாற்றப் பெட்டி கட்டும்போது, புத்தக அடுக்கின் பின்னாலிருந்து அந்தக் கரீபியன் வரைபடம் விழுந்தது. தீவுகளுக்கு நடுவே உன் சிவப்புப் பென்சில் கோடுகள், மேலே ரசக் கறை. அடப்பாவி, செத்த பிறகும் இப்படி வந்து நிற்கிறாயே!

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆய்வாளன். நீ இன்ஜினியர் படிப்பை வைத்துக்கொண்டு துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தா. கரீபியன் தீவுகள் தங்களுக்குள் சுங்க வரி வேண்டாமென்று ஒப்பந்தம் போட்டிருந்தன. ஆனால் பண்டத்தின் மதிப்பில் பாதியாவது அந்தத் தீவுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும். ஒரு குட்டித் தீவின் கொய்யா ஜாம் ஆலைக்குப் பாட்டில் முதலானவை வெளிநாட்டிலிருந்து வந்ததால் அது எட்டவில்லை. வரிவிலக்கு கிடைக்காவிட்டால் மூட வேண்டியதுதான். அங்கே வேலை பார்த்த பெண்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. என்னிடம் யோசனை கேட்டார்கள். “மாண்ட்ரியலிலிருந்து பாட்டில் வாங்குவதை நிறுத்திவிட்டுப் பக்கத்துத் தீவில் வாங்குங்கள்” என்று அறிக்கை எழுதிவிட்டேன். மறுநாள் அனுப்ப வேண்டும்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பேட்டையில் இருந்த என் வீட்டுக்கு மத்தியானம் சாப்பிட வந்த நீ, அதைப் படித்துவிட்டு ரசக் கையோடு வரைபடத்தை இழுத்தாய்.

“டேய், இந்த ரெண்டு தீவுக்கும் நடுவுல கப்பலே ஓடலையேடா!”

“பக்கத்துலதானே இருக்கு? கரையில நின்னாலே தெரியும்.”

“தெரியும். பாட்டில் என்ன நீந்தியா வரும்? பெரிய துறைமுகத்துக்குப் போய், இறக்கி, அடுத்த கப்பலுக்குக் காத்துக் கிடக்கணும். அதுக்குள்ள பழமெல்லாம் அழுகிடும். இங்கேர்ந்துன்னா எங்க கப்பல் நேரா போகுது.”

நான் எழுதியிருந்த வரியை அடித்தேன். நீயோ துள்ளிக்கொண்டிருந்தாய். “சர்க்கரை எங்கேர்ந்து வாங்கறாங்க?”

“இங்கிலாந்து.”

“போச்சு போ! இதோ, இந்தத் தீவுலேர்ந்து வாராவாரம் சர்க்கரைப் படகு ஆலை இருக்கற தீவுக்குப் போகுதுடா. சர்க்கரையை மாத்து, பாட்டிலை விட்டுடு!”

கணக்குப் போட்டோம். பாதியைத் தாண்டிவிட்டது! நான் போட்ட கத்தலில் கீழ்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டினாள். “மெர்சி, மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி நீ அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாய். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆலை பிழைத்துக்கொண்டது. ஒரு பெண்ணுக்கும் வேலை போகவில்லை. என் அறிக்கை அச்சாகி வந்தது, அட்டையில் என் பெயர் மட்டும். நீ புரட்டிப் பார்த்துவிட்டு, “அச்சு நல்லா வந்திருக்குடா” என்றாய். உன் பெயரை மறந்துபோய் விடவில்லையடா. ஒரு குமாஸ்தா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்று எழுத வெட்கமாக இருந்தது.

இன்று காலை அந்த ஆலைக்குக் கடிதம் போட்டுவிட்டேன். உங்கள் வேலையைக் காப்பாற்றியவன் இவன் என்று, உன் முழுப் பெயரையும் எழுதி. நீ இருக்கும்போதே எழுதியிருக்கலாம். அது மட்டும் என்னை விட்டுப் போக மாட்டேனென்கிறது.