சாப்பாட்டு மேசையில் துவக்கு

ஓக்லண்ட், 1996

இஞ்சாருங்கோ,

நேரில் சொன்னால் சிரிப்பீர்கள். அதனால் எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

புக்கெகோஹியில் முயல் சுடப் போகிற உங்களுக்கு, துவக்குக் குழலுக்குக் கீழே பிடிக்கிற முன்பிடிக் கட்டைகளைப் பரப்பிவைத்துத் தெரிவுசெய்ய நேற்று என் புட்டுச் சட்டிக்குப் பக்கம்தானா இடம் கிடைத்தது? துவக்கு எண்ணெய் நாற்றம் புட்டிலும் ஏறிவிட்டது. போதாததற்கு ஒரு கட்டையைப் பூட்டி, உங்களோடு பென்ரோஸில் வேலை செய்யும் டெஸ்மனுக்கு முன்னால், "பகிடிக்கு ஒருக்காப் பிடிச்சுப் பாருமன்" என்று துவக்கை என்னிடம் நீட்டினீர்கள்.

பிடித்தேன். நான் அதைத் தோளில் இறுக்கிய விதத்தைப் பார்த்ததும் டெஸ்மன் சிரிப்பை நிறுத்திவிட்டார். நீங்கள் மட்டும், "அகப்பை பிடிச்ச கையெல்லோ!" என்றீர்கள்.

தேசிக்காய் போட்டுத் தேய்த்தும் கையில் அந்த எண்ணெய் மணம் போகவில்லை. அந்தக் கையால் பிள்ளையைத் தூக்கவே அருவருப்பாக இருக்கிறது.

அகலமான, சொரசொரப்பான கட்டையை எடுங்கள். மெல்லியது மழையில் வழுக்கும். துவக்கு உதைக்கும்போது குழல் மேலே எழும்பி, இரண்டாவது வெடி ஆளின் தலைக்கு மேலால் போய்விடும்.

எங்கே பழகினீர் என்று இப்போது கேட்காதீர்கள். ஊரில் சண்டைக்கு நடுவில் கலியாணம் பேச வந்த உங்கள் வீட்டார், எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்டார்கள்.

இப்படிக்கு,
உங்களுக்குச் சமைத்துப் போடுகிறவள்