மேனேஜர் உட்காரும் ஜன்னல்

அன்பு மகள் பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் மேனேஜரும் இங்கே நலமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நலமாக இருக்க வேண்டும். நலம் என்று நான் சொன்னதுமே சின்னவள் பேனாவை நிறுத்திவிட்டு, அப்பாவையும் சேர்த்தாம்மா எழுதறது என்று கேட்டாள், சேர்த்துத்தான்டி, எழுது என்றேன். பள்ளிச் சீருடை ஒன்று மெஷினில் பாதியில் நிற்கிறது, நாளைக் காலையில் வாங்க வருவார்கள், அதனால் நான் தைத்துக்கொண்டே சொல்கிறேன், உன் தங்கை எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் கடிதம் நன்றாக இருக்காதாம், கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கின கையாம், ஒழுங்கான தமிழில்தான் எழுதுவேன் என்று அடம் பிடிக்கிறாள். எப்படியோ எழுதட்டும், விஷயம் உன்னிடம் போய்ச் சேர்ந்தால் சரி. அப்பா உள்ளே தூங்குகிறார், கதவைச் சாத்தியிருக்கிறேன்.

முதலில் மேனேஜர் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. நீ மழையில் நனைந்த பூனைக்குட்டியாகக் கொண்டுவந்து போட்டபோது உள்ளங்கையில் அடங்கியது, இப்போது தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனபிறகு அது வேறு எங்கேயும் போவதில்லை, அவர் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் ஏறி உட்கார்ந்து தெருவை மேற்பார்வை பார்க்கிறது, அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது காதைத் திருப்பினால் இவர் கண்ணும் திரும்பும். அது கொட்டாவி விட்டால் இவரும் விடுவார். அந்த நேரம் பார்த்துத்தான் நான் ஸ்பூனை வாயில் வைப்பேன், ஒரு கிண்ணம் உள்ளே போய்விடும். போன மாதம் ஒரு மத்தியானம் வெளியே புறா வந்து உட்கார்ந்ததும் மேனேஜர் கொசுவலை மேல் பாய்ந்துவிட்டது. அந்த வலை வெறும் ஒட்டுப் பட்டையில் நிற்கிறது, கொசுவுக்குத்தான் அது சுவர், பூனைக்கு அது காகிதம் என்று எங்களுக்கு அதுவரை தோன்றவே இல்லை. மூலை பிய்ந்து பாதி உடம்பு வெளியே தொங்க, நாலு மாடி கீழே சிமெண்டுத் தரை, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, சின்னவள்தான் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து பின்னங்காலைப் பிடித்து இழுத்தாள். முழங்கை வரை கீறல். அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கிடந்தார். எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தது, எட்டுவதற்குத்தான் அந்தப் பக்கத்துக் கை இல்லை.

அன்றைக்கே ஜன்னலை அடைத்துவிட்டேன். விளிம்பில் மேனேஜர் ஏறாமல் இருக்க மருந்துப் பெட்டி, துணி, தண்ணீர்க் குடுவை எல்லாம் அடுக்கினேன். அது கதவுக்கும் கட்டிலுக்கும் நடந்து நடந்து கத்தியது, அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஸ்பூனைக் கொண்டுபோனால் இரண்டு விரல். உனக்கு இது தெரியாதே, இடது கையில் ஒரு விரல் தூக்கினால் ஆமாம், இரண்டு விரல் தூக்கினால் வேண்டாம், இதுதான் இப்போது எங்கள் வீட்டுப் பாஷை. சின்னவள் கடையில் ஒரு பலகை பார்த்தாளாம், கண்ணாடியில் அழுத்தினால் ரப்பர் கிண்ணம் கவ்விக்கொள்ளும், பூனை அதன்மேல் படுத்துக்கொண்டு மூடின ஜன்னல் வழியாகவே வெளியே பார்க்கலாம் என்று. வாங்கி ஒட்டினோம். மேனேஜர் ஏறிச் சுருண்டு படுத்தது, அப்பா திரும்பிப் படுத்தார், நான்கூட அப்பாடா என்று உட்கார்ந்தேன். வெயில் ஏறியதும் ரப்பர் இளகி, பலகையும் பூனையும் மருந்துப் பெட்டியும் மொத்தமாகத் தடால் என்று விழுந்தன. அப்போது அப்பா, பாப்பா! என்று கத்தினார். தெளிவாக, பழைய குரலில். உன்னை மட்டும்தான் அவர் அப்படிக் கூப்பிடுவார், சின்னவளைக்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை என்று உனக்கே தெரியும்.

மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை, அலமாரிக்கு மேலே போய் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தது. நான் எதிர் வீட்டு நர்சம்மாவைக் கூட்டிவர ஓடினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, பயத்துல தானா வர்ற வார்த்தை அது, பேச்சு திரும்பிடுச்சுன்னு மனசுல கோட்டை கட்டாதீங்கக்கா என்றார். நான் கேட்டேனா? மறுநாள் சின்னவள் பள்ளிக்குப் போனதும் பூனையைக் குளியலறையில் வைத்துச் சாத்திவிட்டு, அந்தப் பலகையைத் திரும்ப ஒட்டி, அப்பா கண்ணை மூடியிருந்த நேரமாகப் பார்த்து நானே தட்டிவிட்டேன். தூக்கிவாரிப் போட்டு விழித்தார், ஒரு சத்தமும் வரவில்லை. இன்னொரு தடவை ஒட்டித் தட்டினேன். மூன்றாவது தடவை நான் ஒட்டும்போதே அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் எதற்குச் செய்கிறேன் என்று புரிந்துவிட்டது, இரண்டு விரலைத் தூக்கினார். கட்டில் காலடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுது தீர்த்தோம். அந்தப் பலகையைக் குப்பையில் போட்டுவிட்டேன். இதை எழுத வேண்டாம் என்று சொல்லித்தான் சின்னவளிடம் சொன்னேன், அவள் எழுதியிருப்பாள், எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் ஆறடியை வரச் சொன்னோம். அப்பாவோடு லிஃப்ட் வேலை பார்த்தாரே, என் தோள் உயரம்கூட இல்லாத ஆறடி, அவர்தான். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, என்ன மேஸ்திரி, ஊரையே மேல ஏத்தி எறக்கினீங்க, உங்க வீட்டுப் பூனை ஏற ஒரு நல்ல எடம் இல்லையா என்று கேட்டதும் அப்பாவுக்கு இடது பக்க உதடு மட்டும் சிரித்தது. ஆறடி ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். அப்பா அறை ஜன்னல் சட்டத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார், ஊறின ரொட்டியில் இறங்குகிற மாதிரி இறங்கியது, இதுல ஒரு ஆணி நிக்காது அண்ணி என்றார். வீட்டுக்காரரைக் கேட்டால் மழைக்காலம் முடியட்டும் என்கிறார், எந்த மழைக்காலம் என்று சொல்லவில்லை. சமையலறை ஜன்னலுக்குக் கீழே அடுப்பு. கூடத்தில் என் மெஷின், அளவு கொடுக்க வருகிறவர்கள், அங்கே கட்டிலைப் போட்டு அத்தனை பேர் நடுவில் அவருக்கு உடம்பு துடைத்துவிட முடியுமா? மிச்சம் இருந்தது உன் அறை ஜன்னல்தான். நீ தவழ்ந்த வயதில் எட்டிப் பார்த்தாய் என்று அப்பாவே கம்பி போட்ட ஜன்னல், சட்டம் இரும்பு மாதிரி நிற்கிறது. ஆனால் உன் தலைக்கு அளவெடுத்துப் போட்ட கம்பி, பூனைக்குத் தலை நுழைந்தால் போதும், உடம்பு வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்று சொல்லி, ஆறடி உள்பக்கமாகக் கம்பிவலையைத் திருகாணி போட்டு முடுக்கினார். அது திரும்பிப் படுக்கிற அகலத்துக்குக் கட்டைப் பலகை, சுவரில் இறங்கின இரும்புத் தாங்கி, மேலே வழுக்காமல் இருக்க என்னுடைய கெட்டித் துணி. திரைக் கயிற்றைக்கூடக் கழுத்தில் மாட்டாமல் மேலே சுருட்டிக் கட்டினார்.

வேலை முடிந்ததும் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து உன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். லிஃப்ட்ல ஆளை ஏத்தறதுக்கு முன்னாடி மணல் மூட்டையை ஏத்திப் பாருன்னு சொல்வீங்களே மேஸ்திரி, சொல்லுங்க, எவ்வளவு ஏத்தட்டும் என்றார் ஆறடி. மூட்டைக்கு எங்கே போவது, சின்னவள் தன் அகராதியைக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா இரண்டு விரல். பூகோளம், வரலாறு வைத்தாள். இரண்டு விரல். நூலகத்திலிருந்து எடுத்துவந்த தடிப் புத்தகம் எல்லாம் வைத்தாள், என் துணி வெட்டும் கத்திரிக்கோல் பெட்டியையும் வைத்தாள், அப்போதும் இரண்டு. போதும்ப்பா, இது பூனை, யானை இல்ல என்று அவள் கெஞ்சினாள். கடைசியில் ஆறடியே பலகையைப் பிடித்துத் தொங்கிக் காலைத் தூக்கினார், அது அசையவில்லை, அப்போதுதான் ஒரு விரல் எழுந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்தோம். மேனேஜர் தானாகவே ஏறி, நுகர்ந்து பார்த்து, காலை மடக்கி உட்கார்ந்து, பெருமூச்சு விட்டது.

சிரிப்பு அத்தோடு சரி. இனிமேல் உங்க கட்டில் இங்கதான் என்று நான் சொன்னதும் இரண்டு விரல். திரும்பக் கேட்டேன், இரண்டு விரல். மேஸ்திரி, பூனைக்கு இவ்வளவு செஞ்சிட்டு அதுக்குத் துணை இல்லாம விட்டா எப்படி என்று ஆறடி கேட்டதற்கும் இரண்டு விரல்தான். நாற்காலியைத் திருப்பு என்கிற மாதிரி கதவையே பார்த்தார். சின்னவள்தான் அவர் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, ஏன்ப்பா, அக்கா வந்தா எங்க படுப்பாளோன்னு பாக்கறீங்களா என்று கேட்டாள். ஒரு விரல். உன் மேசை, உன் கட்டில், உன் சாயம் போன திரைச்சீலை எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அந்த ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். பழைய அறைக்கே கொண்டுபோய் விட்டோம். இப்போது மேனேஜர் உன் அறையில், அப்பா அவர் அறையில். அது நடுவில் வந்து அவர் வாசலில் நின்று கத்தும், அடைத்த ஜன்னலைப் பார்க்கும், போய்விடும். அவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். அரைக் கிண்ணம் போகிறது, சில வேளை அதுவும் இல்லை. நர்சம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, இருக்கற நாளை அவர் மனசுப்படி வச்சிக்குங்கக்கா என்று மட்டும் சொன்னார், அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அடுத்து எழுத வேண்டியதைச் சொன்னதும், இதை நான் எழுத மாட்டேன், அக்கா படிச்சா அழுவா என்று சின்னவள் எழுந்து போய்விட்டாள். மெஷினை நிறுத்திவிட்டு நானே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

பெரியவளே, நீ இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து இருக்கப்போவதில்லை. குறையாகச் சொல்லவில்லை. உன் வேலை அங்கே, உன் வீடு அங்கே, வந்தால் பத்து நாள் பெட்டியைப் பிரிக்காமல் இருந்துவிட்டுப் போவாய். எனக்கு இது தெரியும், உனக்கும் தெரியும், அப்பாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாமல் இருக்காது, தெரிந்துகொண்டேதான் அந்த அறையைக் காவல் காக்கிறார் என்று நினைக்கிறேன். நான் தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தால் அவரால் தடுக்க முடியாது, அதனாலேயே என்னால் அப்படிச் செய்ய முடியவில்லை. அறை உன்னுடையது, நீதான் கொடுக்க வேண்டும். போனில் உன் வாயால் சொல். அப்பா, என் ரூமை நீங்க எடுத்துக்குங்க, நான் வந்தா உங்க கட்டிலுக்குப் பக்கத்துல தரையில படுத்துக்கறேன் என்று சொல். போன தடவை அப்பா என்று கூப்பிட்டதுமே உனக்கு அழுகை வந்து போனை வைத்துவிட்டாய். நீ வைத்தது அவருக்குப் புரியவில்லை, நான் வாங்கப் போனால் விடவில்லை, வெகுநேரம் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அழுதாலும் பரவாயில்லை, அழுதுகொண்டே சொல், சொல்லி முடி.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட காலம் வாழ வேண்டும், அப்பாவுக்கும் சேர்த்து நானே வாழ்த்திவிடுகிறேன். அவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் தெளிவாக இருக்கிறார், அது உனக்கு விடிவதற்கு முன்னால், அலாரம் வைத்து எழுந்துகொள், காதை மூடிப் போர்த்திக்கொண்டு பேசு. இந்தப் பக்கம் ஒரு சத்தமும் வராது. லைன் போய்விட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதே, அவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா