இடது காது நுனி

ஆடி 11, ஞாயிறு

விடிந்ததிலிருந்து காற்று. கொட்டகைத் தகரம் ஒன்று பெயர்ந்துவிட்டது. மேலே கல் ஏற்ற வேண்டும்.

வெள்ளாடு ஏழு. போன மாதம் ஒன்பது. தெருநாய்க் கூட்டம் பட்டப்பகலில் கம்மாய்க்குள் வைத்து இரண்டைக் குதறிவிட்டது. என் நாய் மணி இருந்தால் நடந்திருக்காது. மணி சித்திரையில் செத்தது. மகள் செல்வி மதுரையிலிருந்து வந்து பார்த்துவிட்டு ஒரே பேச்சு.

"ஒண்ணு நல்ல நாயா வச்சுக்க. இல்லையா, ஆட்டை வித்துட்டு எங்கூட வந்துரு. ஒத்தையில இங்க கெடக்க விடமாட்டேன்யா."

அவள் வீடு இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அந்தச் சுவரை எத்தனை நாள் பார்ப்பது. நாய் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

அதற்காக இன்று மதுரை. காரியாபட்டி வழி பஸ். நாய்களுக்கென்று அங்கே ஒரு காப்பகம். காசு இல்லையாம். ஆனால் வாங்குவது என்று சொல்லக் கூடாதாம், தத்து எடுப்பது என்று சொல்ல வேண்டுமாம். பிள்ளை இல்லாதவன் செய்கிற காரியத்துக்குப் பெயர் அது.

ஒரு பெண் அட்டையும் பேனாவுமாக வந்தது. கேட்ட கேள்விகள்:
வீட்டில் யார் யார்.
நாய் எங்கே படுக்கும்.
வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள்.
ஏற்கனவே இருக்கும் வளர்ப்புப் பிராணிகளோடு நாயைப் பழக்கப்படுத்துவீர்களா.

"ஏழு ஆடு இருக்கு. அதுககிட்ட நானே சொல்லிவிடுறேன்" என்றேன். செல்வி என் தொடையில் கிள்ளினாள். இவள் கல்யாணத்துக்குக்கூட மாப்பிள்ளை வீட்டார் இத்தனை கேட்கவில்லை.

கடைசியில் கைநாட்டு மையை என் பக்கம் நகர்த்தியது அந்தப் பெண். பேனாவை வாங்கி வேலுச்சாமி என்று எழுதினேன். பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. பஸ் போர்டும் கடைப் போர்டும் பார்த்து நாற்பது வயதில் வந்த எழுத்து இது. கொஞ்சம் நேரம் எடுத்தது. எடுக்கட்டும்.

ஜாமீன் மாதிரி செல்வியும் கையெழுத்துப் போட்டாள். "எங்கய்யா சொன்ன சொல்லு மாறமாட்டாரு மேடம்."

நாய்களை அடைத்திருக்கும் இடத்துக்கு என்னை விடவில்லை. ஒன்றை மட்டும் பிடித்து வந்தார்கள். செவலை, பெட்டை, நாலு வயது இருக்கும். நெஞ்சு அகலம். நல்ல சாதிக் கால். பெயர் பிரௌனியாம்.

பிறகுதான் காதைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

ஆடி 12, திங்கள்

மருமகனின் லோடு ஆட்டோவில் நாய் வந்து இறங்கியது. கூடவே வந்தவை: ஊசி போட்ட அட்டை, சிவப்பு பெல்ட், பூனைக்குப் போடுகிற மாதிரி உருண்டை உருண்டையாக ஒரு பை தீனி. கம்பங்கூழ் வைத்தேன். உருண்டையை விட்டுவிட்டு அதைத்தான் குடித்தது. புத்தியுள்ள நாய்.

இனி காது.

இடது காது நுனி இல்லை. ஓரம் ஆறிப்போன பழைய வெட்டு. இது எங்கள் அப்பாவின் வெட்டு. ஆடு வளர்க்கிறவன் ஒவ்வொருவனும் குட்டியின் காதில் அவனவன் அடையாளம் வெட்டுவான். பல மந்தை ஒரே புஞ்சையில் கிடை கிடந்தாலும் காதைப் பார்த்துப் பிரித்துவிடலாம். எங்கள் வீட்டில் மட்டும் நாய்க்கும் உண்டு. அப்பா செத்துப் பாகம் பிரித்தபோது அவர் வெட்டு தம்பி முத்தையாவுக்குப் போனது. நான் வலது காதைக் கீறுவதாக மாற்றிக்கொண்டேன்.

ஆகவே இது முத்தையா நாய். மதுரைக்கு எப்படிப் போனது என்பது எனக்குத் தேவையில்லை. அவன் எதைத்தான் ஒழுங்காக வைத்துக்கொண்டான்.

அவனோடு பேச்சு நின்று பன்னிரண்டு வருடம். என் கருப்பாட்டின் கிடாய்க்குட்டி அவன் மந்தையில் நின்றது. குறி வெட்டும் வயசுகூட ஆகாத குட்டி, இடது காது நுனி மட்டும் இல்லை. தன் அடையாளத்தை வெட்டித் திருடிவிட்டான் என்று ஊரைக் கூட்டினேன். வேலி முள் கிழித்தது என்றான். எனக்கு எந்த ஆடு எந்த வருடம் ஈன்றது என்பது மறக்காது, ஊருக்கும் அது தெரியும். என் சொல்தான் எடுபட்டது. முனியாண்டி கோவில் முன்னால் அவனை என் காலில் விழ வைத்தார்கள். அன்றைக்கு அவன் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட துண்டு.

திருடன் என்று சொன்ன வாயால் அவன் நாய்க்குக் கூழ் ஊற்ற முடியாது. நாளை கொண்டுபோய் விட வேண்டும். எல்லாரும் பார்க்கிற இடத்தில்.

ஆடி 13, செவ்வாய்

காலையில் பால் சொசைட்டி. கம்மாய்க்கு அந்தப் பக்கம், முத்தையா பால் ஊற்ற வருகிற நேரம். கேனோடு பத்து பேர். நாயைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"ஏலே முத்தையா. உன் நாயைப் பிடி. அடுத்தவன் பொருளை என் வாசல்ல கட்டுற பழக்கம் எனக்கில்ல."

திரும்பிப் பார்த்தான். நாயைப் பார்த்தான். காதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், ரொம்ப நேரம். கிழடு தட்டிவிட்டது அவனுக்கு. முன்பல் இல்லை.

"ஆமாண்ணே" என்றான். "எந்துதான்."

கேன் வைத்திருந்த ஒருத்தன் சிரிப்பை இருமலாக்கினான். எதற்கென்று தெரியவில்லை. சிவப்பு பெல்ட் செல்வி வாங்கியது, அதைக் கழற்றிக்கொண்டேன். முத்தையா சைக்கிளில் சுற்றியிருந்த கன்றுக்குட்டிக் கயிற்றை அவிழ்த்து நாய்க்குப் போட்டான்.

நாய் பின்னாலேயே பார்த்தது. நான் பார்க்கவில்லை.

மத்தியானம் ஆடு மேய்த்தபோது கருவேலங்காட்டு ஓரத்தில் மூன்று தெருநாய். கல் எறிந்தேன். ஒன்றுகூடப் படவில்லை.

ஆடி 14, புதன்

காற்று குறைந்தது. புழுக்கம்.

செல்வி போன். காப்பகத்திலிருந்து வெள்ளிக்கிழமை ஆள் வருமாம், நாய் எப்படி இருக்கிறது என்று பார்க்க. நாய்க்கு விருந்தாளி. சொல்லிவிட்டேன், நாய் இங்கே இல்லை, உரிமைக்காரனிடம் சேர்த்துவிட்டேன் என்று.

செல்வி கேட்டாள், "எந்த உரிமைக்காரன்?"

"உன் சித்தப்பன். காது வெட்டு அவனுது."

"அய்யா. அது ஆபரேசன் பண்ணுன அடையாளம்யா. குட்டி போடாம இருக்க ஆபரேசன் பண்ணுவாக. மறுக்கா பிடிச்சுட்டுப் போயிரக் கூடாதுன்னு காது நுனியை வெட்டிவிடுவாக. அங்க இருக்க நூறு நாயிக்கும் அப்படித்தான். எங்க தெருவுல பூராவும் அப்படித்தான்."

நூறு நாய்க்கும் ஒரே வெட்டு என்றால் அதெல்லாம் ஒரு அடையாளமா. யாருக்கு எது என்று எப்படிப் பிரிப்பான்.

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். உனக்குப் பொறுப்புன்னு சொல்லிருக்கேன். வெள்ளிக்கிழமை நாயி அங்க இல்லேன்னா, சனிக்கிழமை ஆட்டுக்கு ஆள் கூட்டியாருவேன். நீ மதுரைக்கு வந்துரு. இனிப் பேச்சு கெடையாது."

அப்பனைப் போலவே பிடிவாதம். வைத்துவிட்டாள்.

அப்படியானால் முத்தையா ஏன் தன்னுடையது என்றான்?

ஆடி 15, வியாழன்

தூக்கம் இல்லை. இரவில் கிடாய்க்குட்டி ஞாபகம். கருப்பாடு, இரட்டை ஈற்று, புரட்டாசி. காது ஓரம் எப்படி இருந்தது? நாயின் காது நேர்கோடு, கத்திரி வெட்டு. குட்டியின் காது ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. அன்றைக்கே பார்த்தேன். மறக்கவில்லை. மொட்டைக் கத்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலை, பால் சொசைட்டி. அதே பத்து பேர். இந்த ஊரில் யாருக்கும் வேறு சோலி கிடையாது.

"முத்தையா. அந்த நாயைக் குடு."

"ஏண்ணே? காது எங்குறிதானே. நீதானே சொன்ன."

"மதுரையில வெட்டுனதாம். ஆபரேசனுக்கு."

"அப்ப எங்குறி இல்ல?"

"இல்ல."

பாலை ஊற்றிவிட்டு, சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டுத்தான் பேசினான்.

"எங்கிட்ட நாயி கெடையாது. ஆடும் கெடையாது. ரெண்டு மாடுதான், நாலு வருசமா. இங்க நிக்கிற எல்லாருக்கும் தெரியும். ஞாபகக்காரனுக்கு மட்டும் தெரியல."

"அப்ப ஏன்டா எந்துன்னு சொன்ன?"

"காதைப் பாத்து நீ சொன்னா சொன்னதுதானே. அன்னைக்கும் அப்படித்தானே."

யாரும் இருமவில்லை.

"இந்தக் காது மதுரையில வெட்டுனது. சரி" என்றான். "அந்தக் காது?"

திரும்பிப் போயிருப்பேன். செல்வியின் ஜன்னலும் அந்தச் சுவரும் ஞாபகத்துக்கு வந்தன. அதற்காகத்தான் நின்றேன் என்று இதில் எழுதலாம். அதற்காக மட்டும் இல்லை.

"முள்ளா இருக்கலாம்" என்றேன்.

"இருக்கலாமா?"

"முள்ளுதான்."

"சத்தமாச் சொல்லுண்ணே. தராசுப் பக்கம் நிக்கிறவுகளுக்குக் கேக்கல."

பல் இல்லாத பயலுக்குக் குசும்பு மட்டும் குறையவில்லை.

"வேலி முள்ளுதான்டா கிழிச்சது."

காலில் விழச் சொல்வான் என்று நினைத்தேன். துண்டைக்கூடத் தோளிலிருந்து எடுத்துவிட்டேன். அவன் கேனைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். பின்னாலேயே போனேன். மாட்டுக் கொட்டகையில் நாய், வைக்கோல் மேல், வயிறு முட்ட. அவன் பொண்டாட்டி மீன் தலை போட்டிருக்கிறாள். ஒருத்தருக்கும் நாய்க்கு என்ன போடுவது என்று தெரியவில்லை.

பெல்ட் எடுத்துப் போகவில்லை. கயிற்றோடு கொடுத்தான்.

"கயிறு எனக்கு வேணும்" என்றான்.

ஆடி 16, வெள்ளி

காப்பகத்துப் பெண் ஸ்கூட்டரில் வந்தது. அருப்புக்கோட்டையில் வழி தப்பிப் பாளையம்பட்டி வரை போய்த் திரும்பியதாம். தண்ணீர் கொடுத்தேன். செம்பை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தது.

நாயைப் போட்டோ எடுத்தது. என்னையும் நாயையும் சேர்த்து எடுத்தது. கொட்டகையை எடுத்தது. கழுத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தாத்தா, கயிறு போட்டிருக்கீங்க? கழுத்து அறுத்துராதா?"

"இரவல் கயிறு."

"பெல்ட் குடுத்தோமே?"

"இருக்கு."

"பிரௌனி எப்படி இருக்கா? புது இடம் பழகிட்டாளா?"

நாலு நாளில் இரண்டு வீடு பழகிவிட்டது என்று சொல்லவில்லை. அட்டையில் ஏதோ டிக் போட்டுவிட்டுப் போனது. செல்விக்குப் போன் போட்டேன். ஆட்டுக்கு ஆள் கூட்டிவர வேண்டாம் என்றேன். "நாயி என்ன பண்ணுது?" என்றாள். தூங்குகிறது என்றேன். நாய் வேறென்ன பண்ணும்.

சாயங்காலம் கம்மாய்க்கரையில் தெருநாய்கள் வந்தன. செவலை எழுந்து நின்றது. குரைக்கவில்லை. நின்றது, அவ்வளவுதான். அவை போய்விட்டன.

இந்தத் தாள்களை அடுப்பில் போட வேண்டும். செல்வி வந்தால் படிப்பாள்.

ஆடி 17, சனி

காற்று இல்லை. தகரத்துக்கு இன்னும் கல் ஏற்றவில்லை.

பெல்ட் மாட்டியாயிற்று. கயிறு கொடுக்கப் போகிறேன். நைந்த கயிறு, நாலு இடத்தில் முடிச்சு. இதையும் ஒருத்தன் திருப்பிக் கேட்கிறான். நாய் முன்னால் போகிறது, கம்மாய்க்கு அந்தப் பக்கம், வழி தெரிந்த மாதிரி.