மேலே வரும் படம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே காற்று. மதுக்கரைக் காற்று சும்மா வராது, சிமெண்ட் ஆலையின் சாம்பல் நிறத் தூளோடுதான் வரும். லேப்டாப்பை இரண்டு முறை துடைத்தாயிற்று.

இன்றைய வேலை: ஆனைமலை ருக்குமணி அக்காவின் தென்னை நாற்றுப்பண்ணைப் பக்கம் இணையத் தேடலில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. நான் செய்து கொடுத்த வெப்சைட். மாதாமாதம் பார்ப்பேன், இரண்டு மாதமாக விட்டுவிட்டேன்.

'தென்னை நாற்று பொள்ளாச்சி' என்று அடித்தேன். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில், கீழிருந்து இரண்டாவது. போன வருடம் முதல் பக்கத்தில் மேலேயே இருந்தது. நாற்று தேடி மூன்றாம் பக்கம் வரை போகிற ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மதியம் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்காரர் கேட்டார். "ஏம்புள்ள, மொகம் ஏன் ஒரு மாதிரி இருக்குது?"

"தூசிங்க."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அக்கா போன். நல்ல நேரம் பார்த்து.

"நாத்து இந்த வருசம் சூப்பரா வந்துருக்குதுங்க அம்மணி. ஒருக்கா வந்து படம் எடுத்துட்டுப் போங்க. போனுதானுங்க ஏனோ அடிக்கவே மாட்டேங்குது."

திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

அக்கா வீட்டுக்காரர் பொன்னுசாமி அண்ணன் உயிரோடு இருந்தவரை அவரே வண்டியில் தேனி, பாலக்காடு என்று சுற்றி ஆர்டர் பிடிப்பார். அவர் போன பிறகு அக்காவுக்காகச் சுற்றுவது இந்த வெப்சைட் ஒன்றுதான். நாற்று பையில் நிற்கிறது. ஐப்பசிக்குள் விற்காவிட்டால் வேர் பையைக் கிழித்துத் தரையில் இறங்கிவிடும், அப்புறம் யாரும் தொடமாட்டார்கள். ஒரு வருட உழைப்பு. அக்காவுக்கு வேறு வருமானம் கிடையாது.

பக்கத்தை எடை போட்டேன்.

— அண்ணன் ஃபிளக்ஸ் படம்: 11 எம்பி
— நாதஸ்வரம், திறந்ததும் தானே பாடும்: 4
— நாற்றுப் படங்கள் ஆறு: 5
— பறக்கும் பட்டாம்பூச்சி: 1 (எந்தப் புண்ணியவான் வைத்தது? நான்தான்)

ஒரு எம்பிக்குள் இருக்க வேண்டிய பக்கம் இருபத்தொன்று. தோட்டத்தில் நின்றுகொண்டு போனில் தேடுகிறவருக்கு இது எங்கே திறக்கப்போகிறது? மெதுவாக வரும் பக்கத்தைத் தேடலும் கீழே தள்ளும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லித்தருகிறேன்.

ஃபிளக்ஸ்தான் வினை. முதல் வருடத் திதிக்கு அடித்தது. அண்ணன் முகம், மாலை, கீழே பங்காளிகள் பெயர் வரிசையாக. பிப்ரவரியில் அக்கா கேட்டார்: "அவரு படத்த மொதல்ல வர்ற மாதிரி போட்ருங்க அம்மணி, பெருசா." வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "போட்ரலாமுங்க" என்றேன். அன்று வாய் திறந்திருந்தால் இன்று இந்தப் பயம் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பட்டாம்பூச்சி போயிற்று. நாதஸ்வரம் போயிற்று. நாற்றுப் படங்களைச் சுருக்கினேன். ஃபிளக்ஸையும் சுருக்கினேன், 11 எம்பி 90 கேபி ஆனது. பக்கம் பறக்கிறது.

பால், மாவு, மின்கட்டணம். மூன்றும் மறந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

பத்து மணிக்கு அக்கா.

"அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. படத்துல பேரெல்லாம் மங்கலாத் தெரியுதாமா. கொழுந்தனாரு கூப்புட்டு, எங்க பேர வேணும்னே அழிச்சுப்போட்டியான்னு கேக்கறாருங்க."

அண்ணன் முகம் தெளிவாகத்தான் இருந்தது. பங்காளிகள்தான் மங்கிவிட்டார்கள்.

"பழையபடி போட்டுடறனுங்க அக்கா."

போட்டுவிட்டேன். 11 எம்பி. இதற்குத்தான் படித்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

உக்கடம் போகும் பஸ்ஸில் சோதனை. பழைய போனில் பக்கத்தைத் திறந்தேன். பி.கே.புதூர் தாண்டும் வரை வெள்ளை. பிறகு அண்ணன் நெற்றி. குனியமுத்தூரில் புருவம். பக்கத்து சீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்து, "கட் பண்ணிட்டு மறுக்கா போடுங்க, இது வராதுங்க" என்றார். நாற்று வாங்க வருகிறவரும் இதைத்தான் செய்வார், ஆனால் மறுக்கா போடமாட்டார்.

தேடலில் இப்போது நான்காம் பக்கம்.

பயமாக இருக்கிறது. மறைத்துப் பிரயோசனம் இல்லை, பயமாகத்தான் இருக்கிறது. அக்கா பண்ணையை மூடினால் அதற்குக் காரணம் நான் ஒருத்திதான், அது அக்காவுக்குத் தெரியக்கூடத் தெரியாது. மழை இல்லை என்பார், நேரம் சரியில்லை என்பார்.

கேட்டுவிட வேண்டும். திங்கட்கிழமை கட்டாயம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கேட்டுவிட்டேன்!

ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். இருந்தும் அண்ணன் பெயர் வாயில் வரவில்லை. ஆனைமலைப் பக்கம் மழை, லைன் விட்டு விட்டு வந்தது.

"அக்கா, அந்த மேல வர்ற படம்... எடுத்துரலாமுங்களா?"

"அட, தாராளமா எடுங்க அம்மணி! இதுக்குப் போயி கேட்டுக்கிட்டு. எப்ப வாரீங்க?"

எப்ப வாரீங்க! இந்த ஊரில் போனை வைக்கும்போது எல்லாரும் சொல்வதுதான். "வாரனுங்க அக்கா" என்று நானும் சொல்லிவிட்டு வைத்தேன். இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பார் என்று நினைக்கவே இல்லை.

எடுத்துவிட்டேன். அண்ணன் இருந்த இடத்தில் வெறும் பச்சை நிறம், அதற்கு எடையே இல்லை. மொத்தப் பக்கம் 400 கேபி. பழைய போனிலேயே டக்கென்று வருகிறது.

ஒரு மாதிரி இருந்தது. கைகழுவிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மூன்றாம் பக்கம். முன்னேற்றமா, சும்மா ஆடுகிறதா? ஒரு நாளைக்கு ஐந்து முறை பார்க்கிறேன். வீட்டுக்காரர் சொல்கிறார்: "நீ பாத்துப் பாத்தே அது மேல ஏறிரும்போல."

ஆகஸ்ட் 25, திங்கள்

இரண்டாம் பக்கம், நடுவில்!!

கேசரி செய்தேன். முந்திரி இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

முதல் பக்கம். கீழேதான், ஆனால் முதல் பக்கம். தேனிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டு, நேற்று ஒரு லாரி போயிற்றாம். பாலக்காட்டுக்காரர் சனிக்கிழமை வருகிறாராம். அக்காவே கூப்பிட்டுச் சொன்னார். மூன்று வாரத்தில் இன்றுதான் மூச்சு விட்டேன் என்று எழுத நினைத்தேன். அக்கா அடுத்துச் சொன்னதை எழுதுகிறேன்.

"படம் எடுக்க வாரேன்னீங்களே அம்மணி, ஆளையே காணமே? நானும் தெனம் பாத்துட்டே இருக்கறனுங்க. மேல போடறதுக்குப் புதுசா எடுக்கணும்னு நீங்கதான கேட்டீங்க?"

எடுத்துரலாமுங்களா. எடுங்க.

நான் கேட்டது ஒன்று, அவர் கொடுத்தது வேறு. அண்ணனை எடுத்துவிட அக்கா சம்மதிக்கவே இல்லை. நான் கேட்கவே இல்லை. பதினாறு நாளாக அவர் அங்கே இல்லை.

"வெள்ளிக்கெழம வாரனுங்க அக்கா."

ஆகஸ்ட் 28, வியாழன்

ஃபிளக்ஸைத் திரும்பப் போட ஒரு நிமிடம் போதும். காலையிலிருந்து மூன்று முறை கை போயிற்று. போட்டால் மறுபடி நான்காம் பக்கம், நாற்று அங்கேயே வேர்விடும். போடாவிட்டால் நாளை அக்கா முகத்தைப் பார்க்க வேண்டும். இன்னும் கவனிக்கவில்லையா? கவனித்துவிட்டுத்தான் மரியாதைக்குப் பேசாமல் இருக்கிறாரா? கொழுந்தனார் பார்த்துவிட்டாரா?

போடவில்லை. நேரில் சொல்லிவிடுவது. சொல்ல வேண்டியது: (1) தப்பு என்னுடையது. (2) உங்கள் வார்த்தையை மாற்றிப் புரிந்துகொண்டேன். (3) ஆனால் அதனால்தான் லாரி வந்தது. மூன்றாவதைச் சொல்லக் கூடாது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பொள்ளாச்சி பஸ் நிலையம். பிற்பகல், தூறல். ஆனைமலையிலிருந்து திரும்புகிறேன். மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். மறக்கப்போவதில்லை.

அக்கா அரக்குப் பட்டுச்சேலை கட்டி, தலை வாரி, கேட்டிலேயே நின்றிருந்தார். நாற்றுப் பைகளையெல்லாம் கழுவி வரிசை கட்டி வைத்திருந்தார். போனதும் இளநீர். வாய் திறக்கவே விடவில்லை. படம் எடுத்தேன், இந்த முறை நிஜமாகவே.

முடித்ததும், "அக்கா, ஒண்ணு சொல்லணுமுங்க" என்றேன்.

"நானும் ஒண்ணு கேக்கணுமுங்க அம்மணி. வாங்க" என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனார். தொட்டி மேட்டில் ஏறி நின்றால்தான் அங்கே சிக்னல். பழைய போன், சேமிக்க இடமே இல்லாத போன், ஒவ்வொரு முறையும் பக்கத்தைப் புதிதாகத்தான் இறக்கும். நம் பக்கத்தைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

"தெனம் தண்ணி கட்டிப்போட்டு, காப்பியோட இங்க வந்து நிப்பனுங்க. மொதல்ல நெத்தி வரும். அப்பறம் கண்ணு. மீச வர்றதுக்குள்ள காப்பி ஆறிப்போயிரும். உசுரோட இருக்கறப்பவும் அப்படித்தானுங்க, வாரேன் வாரேம்பாரு, லேட்டாத்தான் வருவாரு."

சிரித்தார். நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை நிறம்.

"கொஞ்ச நாளா என்னன்னே தெரியலீங்க. நாத்து, வெல, போன் நம்பரு எல்லாம் டக்குனு வந்துருது. அவரு மட்டும் வர மாட்டேங்கறாரு. சிம்மக்கூட மாத்திப் பாத்துட்டனுங்க. உங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் சொல்லல. ஆறின காப்பியக் குடிச்சுப்போட்டு எறங்கிருவனுங்க. சிக்னல்தானுங்களே அம்மணி?"

இரண்டு நாளாக மனப்பாடம் செய்தது ஒன்று, இரண்டு, மூன்று. சொன்னது வேறு.

"ஆமாங்க அக்கா, சிக்னல்தான். கொஞ்ச நேரம் ஆகுமுங்க" என்றேன்.

நம்பினார். நான் பஸ் ஏறக் கிளம்பும்போதும் தொட்டி மேட்டில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டுச்சேலையோடு.

செய்ய வேண்டியது: அண்ணனுக்கு மட்டும் தனிப் பக்கம். தேடலுக்குத் தெரியவே வேண்டாம். 11 எம்பியில் ஒரு கேபி குறைக்காமல், பங்காளிகள் பெயரோடு. அக்கா போனில் முகப்பிலேயே அதற்கு ஒரு பட்டன். மெதுவாக வரட்டும், நெற்றி முதலில். இது பதினைந்து நிமிட வேலை. ஆகஸ்ட் 11 அன்றே செய்திருக்கலாம்.

ஆனால் அதற்கு முன்னால், அவர் ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும்.

போன் அடிக்கிறது. அக்கா. இன்னும் அங்கேயேதான் நிற்கிறாரோ என்னவோ. நான்கு முறை அடித்தாயிற்று.

எடுக்க வேண்டும்.